இல்லாத வயர்

ஒரே கம்ப்யூட்டர். அதற்குள் இரண்டு புரோகிராம். ஒன்று, நான் தட்டுவதை வாய்விட்டுப் பேசும். இன்னொன்றில் நீதிமன்றம் வந்து உட்காரும். முதலாவது பேசுவது இரண்டாவதின் காதில் விழ வேண்டும். விஷயம் அவ்வளவுதான். "இதுக்கா இவ்வளவு அலப்பறை?" என்று நீங்கள் கேட்கலாம். என் மகள் என்னோடு இருப்பாளா மாட்டாளா என்பது அந்த இரண்டு புரோகிராமுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது.

பத்தொன்பது வருடம் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் நான். "பிரேக்! பிரேக்கப் போடு! பிரேக்குன்னு சொல்றேன்ல!" என்று ஒரு நாளைக்கு நூறு தடவையாவது கத்தியிருப்பேன். நான் கத்தினால் சம்பந்தமே இல்லாத வண்டிகள்கூட நிற்கும் என்று முதலாளி கிண்டல் செய்வார். போன வருடம் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் போட்ட துளை வழியாக மூச்சு விடுகிறேன். வாய் சாப்பிடுவதற்கு மட்டும். முதலாளி நல்ல மனுஷன், என்னை வெளியே அனுப்பவில்லை. பின்னறையில் என் லேப்டாப்போடு உட்காரவைத்து, யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று நேரம் ஒதுக்கச் சொன்னார்.

குரல் போனதே தவிரக் கோபம் ஒரு துளியும் போகவில்லை. கோபம் வந்தால் பேசும் புரோகிராமைத் திறந்து, திட்ட வேண்டியதைத் தட்டி, என்டரை அழுத்துவேன். அது எனக்காகத் திட்டும். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும் திட்டும். மனதுக்குள் திட்டினால் திட்டிய மாதிரியே இருப்பதில்லை, அதுதான் காரணம்.

அது பேசுவது என் குரலில்தான். ஆபரேஷனுக்கு முன்னால் முந்நூற்றைம்பது வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்யச் சொன்னார்கள். அதை வைத்து என் குரலைச் செய்து தந்தார்கள். "நாளை மாலை லேசான மழை பெய்யும்", "மேஜைமேல் நீல நிறக் குடை இருக்கிறது" என்று சுவாரசியமே இல்லாத வாக்கியங்கள். நான் படிக்கப் படிக்க, என் எட்டு வயது மகள் தண்ணீர் டம்ளரோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவளுக்கு "வைப்பர்" என்று பெயர், கார்க் கண்ணாடியைத் துடைக்குமே, அந்த வைப்பர். கைக்குழந்தையாக இருந்தபோதே எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவாள். மழையில் ஓடும் வைப்பர் தோற்றுப்போகும். பெயர் வைத்தது நான். என்னைத் தவிர யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

வாக்கியமெல்லாம் முடிந்ததும் அவள் சொன்னாள். "அப்பா, என்னைக் கூப்பிடற மாதிரி ஒண்ணு வைப்பா. இதெல்லாம் நியூஸ் படிக்கற மாதிரி இருக்கு."

எழுந்து நின்று, வலியைப் பார்க்காமல், முழுத் தொண்டையோடு கத்தினேன். "வைப்பரூ! ஓடி வாடி இங்க!"

அதை அப்படியே எடுத்து, புரோகிராமின் மூலையில் ஒரு சிவப்புப் பொத்தானில் வைத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் மெஷின் கோத்துப் பேசுவது. சிவப்புப் பொத்தானில் இருப்பது மட்டும் நான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அதை முதல் தடவையாக அழுத்தினேன். குளியலறையில் கால் கழுவிக்கொண்டிருந்தவள் சோப்பு நுரையோடு ஓடி வந்தாள். வந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். வாய் மூடியிருக்கிறது, சத்தம் பெட்டியிலிருந்து வருகிறது. என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அப்படி ஓர் அழுகை. அதற்குப் பிறகு நான் அந்தப் பொத்தானைத் தொடவில்லை. என் போனில்கூட ஏற்றி வைத்துக்கொள்ளவில்லை.

ஏற்றியிருக்க வேண்டும். பள்ளி விட்டு வரும்போது ஒரு நாள் அவள் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நழுவி ரோட்டில் உருண்டது. எடுக்க ஓடினாள். ஸ்கூட்டர் ஒன்று திரும்பி வருவதை நான் பார்த்தேன். வாயைத் திறந்தேன். கழுத்துத் துளையிலிருந்து காற்றுதான் வந்தது. கையைத் தட்டினேன், காலை உதைத்தேன். யாருக்கு வேண்டும் என் கைத்தட்டல்? முகவாயில் ஆறு தையல். காரில் வாத்தியார் பக்கத்துக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு, மாணவன் சொதப்பினால் நான் மிதித்துவிடலாம். பெற்ற மகளுக்கு அப்படி ஒன்று என் காலடியில் இல்லாமல் போயிற்று.

மறுநாள் பெரியம்மா வந்தார். என் மனைவியின் அக்கா. என் மனைவி இறந்து நாலு வருடமாகிறது. அன்றிலிருந்து என் வீட்டுக்கு மாதம் இரண்டு தடவை வந்து, குழந்தையின் நகத்தை வெட்டி, என் சமையலைக் குறை சொல்லிவிட்டுப் போகிறவர். தையலைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"தம்பி, நான் உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா ஆபத்துல கூப்பிட முடியாத அப்பாகிட்ட பொம்பளப் புள்ளைய எப்படி விடறது? நீங்களே சொல்லுங்க."

நானே சொல்ல வேண்டுமாம். அவளைக் கூட்டிக்கொண்டு போனார். நான் கேட்டும் திருப்பி அனுப்பவில்லை. கடைசியில் அவரே வழக்குப் போட்டார். மனுவில் கொட்டை எழுத்தில் அந்த ஒரே வரிதான்: தந்தையால் குழந்தையைக் கூப்பிட இயலாது. நாலு மாதமாக ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், பெரியம்மா வீட்டு சோபாவில், பெரியம்மாவின் கண் முன்னால்தான் என் மகளைப் பார்த்து வந்தேன். போனில் தட்டி, போன் பேசி, ஏதோ பேசிக்கொள்வோம்.

விசாரணை ஆன்லைனில். எழுதிக் கொடுத்தால் போதாதா என்று என் வக்கீலம்மா கேட்டுப் பார்த்தார். அப்பாவிடம் நேரடியாகவே பேச வேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். முதல் விசாரணையில் மெஷின் குரலை ஸ்பீக்கரில் விட்டேன். அது மைக்கில் போய் விழும் என்று நினைத்தேன். அந்த மீட்டிங் புரோகிராம் மகா புத்திசாலி. கம்ப்யூட்டரின் சொந்த ஸ்பீக்கரிலிருந்து வருவதை எதிரொலி என்று முடிவு கட்டி விழுங்கிவிடும். மனுஷன் தொண்டையிலிருந்து வந்தால்தான் அதற்குப் பேச்சு. "ஏதோ புஸ் புஸ்ஸுன்னு வருது சார், வார்த்தை வரல" என்று வக்கீலம்மா கையைப் பிசைந்தார். நீதிபதி இரண்டு வாரம் தள்ளி வைத்தார். "அடுத்த தடவை ஏற்பாட்டோட வாங்க. அதுதான் கடைசி" என்றார்.

அந்த இரண்டு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதுதான் இல்லாத வயர். அதுவும் ஒரு சின்ன புரோகிராம்தான். கம்ப்யூட்டருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு வயரை இழுத்துவிடும். அதன் ஒரு முனை ஸ்பீக்கர் மாதிரி வேஷம் போடும், மறு முனை மைக் மாதிரி. பேசும் புரோகிராமிடம் "இதுதான் உன் ஸ்பீக்கர்" என்று ஒரு முனையைக் கொடுக்க வேண்டும். மீட்டிங்கிடம் "இதுதான் உன் மைக்" என்று மறு முனையைக் கொடுக்க வேண்டும். சத்தம் வெளிக்காற்றையே பார்க்காமல் உள்ளுக்குள்ளேயே ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்விடும். அதனால் என் காதிலும் விழாது. விழ வேண்டுமென்றால், வயரில் போவதை ஹெட்போனுக்கும் ஒரு நகல் அனுப்பு என்று தனியாக ஓர் இடத்தில் டிக் போட வேண்டும். போட்டேன். முந்தின நாள் மதியம் வக்கீலம்மாவோடு ஒத்திகை பார்த்தபோது எனக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டது. "சார், பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு" என்றார். நாலு மாதத்தில் முதல் தடவையாக அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

விசாரணை காலை பதினொன்றரைக்கு, அந்தப் பின்னறையிலிருந்து. பதினொன்றுக்கு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துப் போட்டால் பளிச்சென்று ஓடுமே! நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை நானே அணைத்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். மறுபடி உயிர் வந்த கம்ப்யூட்டர், நான் போட்ட டிக்கை மறந்துவிட்டது. மொத்தச் சத்தமும் வயருக்குள்தான் போக வேண்டும் என்று அதுவாகவே தீர்மானமும் செய்துகொண்டது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பதினொன்றரைக்கு மூன்று கட்டங்களில் முகங்கள் வந்தன, வாய்கள் அசைந்தன, என் ஹெட்போனில் ஒரு சத்தமும் இல்லை.

ஒரு கட்டத்தில் நீதிபதி. இன்னொன்றில் என் வக்கீலம்மா. மூன்றாவதில் பெரியம்மா வீட்டுச் சாப்பாட்டு மேஜை. அவரும் அவருடைய வக்கீலும் ஆளுக்கொரு ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது கட்டம் நான், கழுத்தில் வெள்ளைத் துணியோடு.

நீதிபதி என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். நான் தட்டினேன். "வணக்கம் ஐயா. நான்தான் குழந்தையோட அப்பா." என்டர்.

சத்தமில்லை.

என் மாணவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லும் பாடம் ஒன்று உண்டு: மீட்டரைப் பார்க்காதே, இன்ஜின் சத்தத்தைக் கேள். வண்டி உயிரோடு இருக்கிறதா என்று காதுதான் சொல்லும். பத்தொன்பது வருடம் ஊருக்குச் சொன்னதை நானும் நம்பினேன். எனக்குக் கேட்கவில்லை. அப்படியானால் யாருக்கும் கேட்கவில்லை. இன்ஜின் செத்துவிட்டது.

மறுபடி என்டர். மறுபடி. சத்தத்தைக் கடைசி வரை ஏற்றினேன். ஹெட்போனைப் பிடுங்கிச் சொருகினேன். திரையில் நீதிபதி முகத்தைச் சுளித்து, உள்ளங்கையை உயர்த்தினார். நேரம் முடிந்தது என்கிறாரா? வக்கீலம்மா கட்டை விரலையும் சுண்டு விரலையும் நீட்டிக் காதோரம் வைத்து ஆட்டினார். காதைக் காட்டுகிறாரே, கேட்கவில்லை என்கிறார். தெரியும் அம்மா, தெரியும்! பெரியம்மா ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்துவிட்டு, அதன் வயரையே லேப்டாப்பிலிருந்து பிடுங்கி மேஜைமேல் போட்டார். அவருடைய வக்கீலும் கழற்றினார். முடிந்தது. மூட்டை கட்டுகிறார்கள்.

போன் இருந்தால் வக்கீலம்மாவுக்கு ஒரு வரி அனுப்பியிருக்கலாம். விசாரணை நேரத்தில் போன் கூடாது என்பது நீதிமன்ற உத்தரவு. நான்தான் சட்டத்தை மதிக்கிற உத்தமனாயிற்றே! போனை ஊமையாக்கி, முன்னறை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை முதலாளியிடமே கொடுத்திருந்தேன். அவர் ஒரு மாணவியோடு எங்கேயோ ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விரல்கள் மட்டும் ஓடின. வழக்கம்போல.

"நாசமாப் போற டப்பா. நேத்து பேசினல்ல? நேத்து வாய் கிழியப் பேசினல்ல? இன்னைக்கு என்ன கேடு உனக்கு?" என்டர்.

"பேசித் தொலையேன். காலுல விழறேன், பேசு." என்டர்.

திரையில் எல்லோரும் அசையாமல் என்னைப் பார்த்தார்கள். பைத்தியக்காரன் தட்டுவதை வேடிக்கை பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். பார்க்கட்டும். யார் காதிலும் விழப்போவதில்லை என்ற தைரியத்தில், நாலு மாதமாக யாரிடமும் சொல்லாததையும் தட்டினேன்.

"அக்கா சொல்றது சரிதான். அன்னைக்கு நான் கூப்பிட்டிருந்தா அவ நின்னிருப்பா. என் குரலுக்கு அவ எப்பவும் நிப்பா. பொத்தான் இருந்துச்சு. போன்ல ஏத்தி வச்சுக்கல. அவ அழுவாளேன்னு ஏத்தல. அவ அழறதப் பாக்க எனக்குத்தான் பயம். நான் பயந்தாங்கொள்ளி. அந்த ஆறு தையலும் நான் போட்டது." என்டர்.

"ராத்திரி சோத்துக்கு ரெண்டு தட்டு எடுக்கறேன். அப்புறம் ஒண்ண உள்ள வைக்கறேன். தினமும் எடுக்கறேன். எவ்வளவு முட்டாள் நான்." என்டர்.

"என் புள்ளைய என்கிட்ட குடுங்க." என்டர். "குடுங்க." என்டர்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தேன். கடைசி, கடைசி என்று சொன்னாரே. போய்விட்டால் அவ்வளவுதான். மகள் பெரியவளாகும் வரை எனக்கு ஞாயிறு இரண்டு மணி நேரம்தான். சிக்னலில் வண்டி நின்றுபோனவன் வேறு வழி தெரியாமல் ஹாரனை அமுக்குவானே, அப்படித்தான் அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். யோசித்துச் செய்ததில்லை. கம்ப்யூட்டரில் இருப்பதிலேயே பெரிய சத்தம் அது. அதுவாவது சுவரை உடைக்காதா?

அழுத்தினேன். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை. இன்னொரு தடவை விரல் வலிக்க.

மூன்றாவது கட்டத்தில், பெரியம்மாவின் தலைக்குப் பின்னால் இருந்த கதவு படாரென்று திறந்தது.

படாரென்று என்றுதான் சொல்ல வேண்டும், எனக்குக் கேட்கவில்லை. ஒரு பக்கம் பின்னி, மறு பக்கம் பின்னாத தலையோடு, கையில் ஸ்கெட்ச் பேனாவோடு என் மகள் ஓடி வந்தாள். மேஜையைச் சுற்றிப் பார்த்தாள். வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு லேப்டாப்பைப் பார்த்து, பெரியம்மாவின் தோளுக்கு மேலே எக்கி, முகத்தைத் திரையோடு ஒட்டவைத்தாள். உதடு அசைந்தது. மூன்றே எழுத்து போல அசைந்தது. அது என்ன என்று படிக்க எனக்கு யாரும் வேண்டாம்.

அவள் எப்படி வந்தாள்? யார் கூப்பிட்டார்கள்?

அப்போதுதான் என் கட்டத்தைப் பார்த்தேன். அதைச் சுற்றி ஒரு பச்சைக் கோடு. பேசுகிறவரின் கட்டத்தைச் சுற்றி மீட்டிங் போடும் பச்சைக் கோடு. நான் இன்னொரு தடவை பொத்தானைத் தொட்டேன், கோடு பளிச்சென்று எரிந்தது. என் மகள் துள்ளினாள்.

மீட்டரைப் பார்க்காதே என்று சொன்ன மடையன் யார்?

ஆரம்பத்திலிருந்தே எல்லாம் போயிருக்கிறது. வணக்கம் போயிருக்கிறது, நாசமாப் போற டப்பா போயிருக்கிறது, இரண்டு தட்டும் போயிருக்கிறது. என் சத்தமும் அவர்கள் சத்தமும் சேர்ந்து அந்த வயருக்குள் விழுந்து, எனக்கு ஒரு பொட்டுக்கூட வராமல், அத்தனையும் அவர்களிடமே போயிருக்கிறது. அவர்கள் பேசியது அவர்கள் காதிலேயே திரும்பி அறைந்ததில்தான் நீதிபதி கையை உயர்த்தினார். பெரியம்மா ஹெட்போனைப் பிடுங்கி எறிந்ததும் அதனால்தான். எறிந்த பிறகு என் சத்தம் லேப்டாப் ஸ்பீக்கரில் வீடு முழுக்கக் கேட்டிருக்கிறது. வக்கீலம்மா காட்டியது காதை அல்ல, போனை. போனை எடு என்று பாவம் மன்றாடியிருக்கிறார்.

மீட்டிங்கின் ஸ்பீக்கர் பட்டியலைத் திறந்தேன். இல்லாத வயரை விட்டுவிட்டு ஹெட்போனைத் தேர்ந்தெடுத்தேன். குழாயில் தண்ணீர் வருவதுபோல ஒரு சின்ன இரைச்சல். அதற்குப் பிறகு அவள்.

"அப்பா? அப்பா, கூப்பிட்டியா?"

என் மூடின வாயைப் பார்த்தாள். அன்றைக்குப் பார்த்த அதே வாய்தான். அழவில்லை.

"நீ உள்ள போடி கண்ணு, பெரியவங்க பேசறாங்க" என்றார் பெரியம்மா. குரல் உடைந்திருந்தது.

தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

பெரியம்மாவின் வக்கீல் தொண்டையைச் செருமினார். "ஐயா, இது முன்னாடியே பதிவு பண்ணின சத்தம். இத வச்சு..."

"வக்கீல் சார், ஒரு நிமிஷம்." நீதிபதி கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அம்மா, குழந்தை அங்க என்ன பண்ணிட்டிருந்தா?"

"உள்ரூம்ல படம் வரைஞ்சிட்டிருந்தா ஐயா" என்றார் பெரியம்மா. பொய் சொல்லத் தெரியாத மனுஷி. நகத்தை வெட்டியதும், சாப்பாட்டைக் குறை சொன்னதும் எல்லாம் நிஜமான அன்பு. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தன் வக்கீல் கையைப் பிடித்து நிறுத்துவதற்குள் சொல்லியும்விட்டார். "படம் வரையும்போது நான் பத்து தடவை கூப்பிட்டாலும் வர மாட்டா ஐயா. சாப்பிடக்கூட வர மாட்டா."

நீதிபதி எதையோ எழுதினார். மனுவைப் புரட்டினார். அந்தக் கொட்டை எழுத்து வரிமேல் பேனாவை வைத்து, குறுக்கே மெதுவாக ஒரு கோடு இழுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"சார்," என்று என்னைக் கூப்பிட்டார். "அந்தச் சத்தத்த இன்னைக்கே போன்ல ஏத்துங்க. ஏத்திட்டேன்னு சாயங்காலத்துக்குள்ள எனக்கு எழுதிக் குடுங்க. மத்தத அப்புறம் பாப்போம். அம்மா, குழந்தையோட துணிமணிய எடுத்து வைங்க."

நன்றி என்று தட்ட வேண்டும். விரல்கள் வரவில்லை. இவ்வளவு நேரம் யாருக்கும் கேட்காது என்று மடமடவென்று தட்டியவைதான், இப்போது எல்லோரும் கேட்கிறார்கள் என்றதும் மரத்துப்போய்விட்டன. அழுகை கழுத்துத் துளை வழியாக வந்தது, துணி நனைந்தது.

என் மகளுக்குப் பொறுமை போய்விட்டது. ஸ்கெட்ச் பேனாவால் திரையில் என் மூக்கைத் தட்டினாள்.

"நாலு தடவ கூப்பிட்டியேப்பா. எதுக்கு?"

நான் ஒரே ஒரு வார்த்தையைத் தட்டினேன்.

"சும்மா."